பாசி: ஒரு வழுக்கல் வரலாறு

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் சித்தப்பாவும் ஐந்து கிலோ மயில்துத்தமும்.

சித்தப்பாவுக்கு திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலை அடிவாரத்தில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பன்னீர் திராட்சை. இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டம் வந்ததும் தோட்டத்தின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டினார். கோடை லீவில் சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருபவர்களுக்கு மணிக்கணக்கில் விடுவது என்று ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் சித்திரை பிறந்து நாலாவது நாள் நல்ல கோடை மழை. ஐந்தாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் பச்சை. லேசான பச்சை இல்லை, அரைத்து வைத்த கொத்தமல்லிச் சட்னி மாதிரிப் பச்சை!

சித்தப்பா பதறவில்லை. நேராக ஷெட்டுக்குப் போய் ஒரு சாக்குப் பையைத் தூக்கி வந்தார். உள்ளே நீல நிறக் கற்கள். மயில்துத்தம். திராட்சைக்கு போர்டோ கலவை போட வாங்கி வைத்தது. "அஞ்சு கிலோ இருக்கும். கொட்டிவிட்டா நாளைக்குக் கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏப்பா, மோட்டார எத்தன மணி நேரம் ஓட்டுற?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து தினமும் இரண்டு மணி நேரம்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். "இறைச்ச கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் பாசியை என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் சித்தப்பாவின் குளம் என்ன ஆனது என்றும் சொல்கிறேன்.

குறுந்தொகையில் ஒரு பாசி

பாசி, பசுமை, பச்சை, பசலை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். எங்கள் பக்கம் பேச்சு வழக்கில் பாசியைப் 'பாசம்' என்றும் சொல்வார்கள். "படியில பாசம் புடிச்சிருக்கு, பாத்து எறங்கு" என்பார்கள். இரண்டு பாசத்திலும் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு :-)

குறுந்தொகையின் 399-ஆம் பாட்டு பரணர் பாடியது. அதில் தலைவி தன் உடம்பில் படரும் பசலைக்கு ஓர் உவமை சொல்கிறாள். ஊரார் தண்ணீர் எடுக்கும் துறையில் படர்ந்த பாசி போன்றதாம் அது. காதலன் தொடும்போதெல்லாம் விலகிப் போகிறது, அவன் கையை எடுக்கும்போதெல்லாம் திரும்பப் பரவுகிறது. காதல் பாட்டுதான். ஆனால் குளத்தில் குடம் முக்கியவர்களுக்குத்தான் இப்படி ஓர் உவமை தோன்றும். கையால் விலக்கினால் விலகும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். பாசியை எதிர்த்து மனிதன் செய்ததெல்லாம் இந்தப் பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. விலக்க எத்தனையோ வழி கண்டுபிடித்தோம். திரும்ப வராமல் செய்வதில்தான் தோற்றோம்.

பாசிக்குச் சோறு போடுவது யார்?

வரலாற்றுக்குப் போகும் முன் கொஞ்சம் அறிவியல். பயப்படாதீர்கள், ஒரு பத்திதான்.

தண்ணீரைப் பச்சையாக்குவதில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று உண்மையான பச்சைப் பாசிகள். இன்னொன்று நீலப்பச்சைப் பாசிகள். இவை உண்மையில் பாக்டீரியா வகை, சூரிய ஒளியில் தாமே உணவு தயாரிப்பவை. இரண்டுக்கும் வேண்டியவை வெயில், வெதுவெதுப்பு, அசையாத தண்ணீர், கொஞ்சம் நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ். திண்டுக்கல் சமவெளியில் முதல் இரண்டுக்குப் பஞ்சமே இல்லை. மூன்றாவது, தண்ணீரை எப்படிப் புழங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. கடைசி இரண்டும் உரம், சாக்கடை, மாட்டுச் சாணம், சோப்புத் தண்ணீர், அழுகும் பூ, உதிரும் இலை என்று நாம்தான் கொடுக்கிறோம்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த ஒரு தமிழர் இருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. எம்.ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் (1886-1963). சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஈரச் சேற்றில் வளரும் ஒரு புது வகைப் பாசியை 1932-இல் விவரித்து, அதற்குத் தன் ஆசிரியர் ஃபிரிட்ச் பெயரால் 'ஃபிரிட்சியெல்லா' என்று பெயர் வைத்தார். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும் சேற்றில் அவர் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்.

காலி செய், நிரப்பு

மனிதன் கட்டிய பழைய குளங்களில் பெயர் பெற்றது மொகஞ்சதாரோவின் பெருங்குளம். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். சுட்ட செங்கல்லில் கட்டி, தண்ணீர் கசியாமல் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஒரு கிணறு. குளத்தின் ஒரு மூலையில் தண்ணீர் வெளியேற ஆளுயர வடிகால். தண்ணீர் கெட்டால் திறந்துவிட வேண்டியது, கிணற்றிலிருந்து புதிதாக நிரப்ப வேண்டியது. மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

நம் ஊரில் அப்படி அடிக்கடி காலி செய்ய முடியாது. மழை வருடத்தில் சில மாதம்தான். பிடித்து வைத்த தண்ணீரை வைத்துத்தான் பிழைப்பு. அதனால் இங்கே வேறு வழி உருவானது: கெடுப்பதை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறியவர்களுக்குத் தெரியும். மதுரை நாயக்கர்கள் 1605-இல் கோட்டை கட்டத் தொடங்கிய மொட்டைப் பாறை. பிறகு ஹைதர் அலி வந்தார், திப்பு வந்தார், 1792 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மேலே ஆறு கிடையாது, ஊற்றும் கிடையாது. பாறைப் பள்ளங்களில் தேங்கும் மழைநீர்ச் சுனைகள்தான். சுற்றிலும் வெறும் பாறை. வயல் இல்லை, உரம் இல்லை. அந்தச் சுனைக்கு வரும் தண்ணீர் வானத்திலிருந்து பாறையில் விழுந்து வழிந்து வருவது. பாசி வந்திருக்கும், வராமல் இருக்காது. ஆனால் கொழுக்க அதற்குத் தீனி குறைவு.

கீழே சமவெளியில் இதே வேலையைக் கட்டுப்பாட்டால் செய்தார்கள். ஊருணி குடிக்க மட்டும். அதில் கால் கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. மாட்டுக்குத் தனியாகக் குட்டை. எடுத்து வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையைத் தேய்த்துவிட்டால் மண் அடியில் படியும். (தேற்றான்கொட்டை கலங்கலைத்தான் தெளியவைக்கும், பாசியை ஒழிக்காது. செப்புக்காசு போட்டுக் குளத்தையே சுத்தம் செய்தார்கள் என்று வரும் செய்திகளையும் நம்பாதீர்கள். நாலு காசிலிருந்து கரையும் செம்பு ஒரு குளத்துக்குக் கொசுவுக்குச் சமம்.)

பெரிய குளங்களுக்கும் ஏரிகளுக்கும் ஆள் வைத்துப் பராமரித்தார்கள். 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர் கல்வெட்டுகளில் 'ஏரி வாரியம்' என்ற குழுவே இருக்கிறது. வண்டல் எடுப்பது வருடாந்தர வேலை. நாம் இதில் ஒன்றைக் கவனிப்பதில்லை. வண்டல் என்பது வெறும் மண் இல்லை. ஒரு வருடம் முழுக்கக் குளத்தில் விழுந்து மக்கிய சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் போட்டால் பாசிக்குப் போக வேண்டிய சாப்பாடு நெல்லுக்குப் போகிறது. அது போதாதென்று குளத்தில் மீன் வேறு. மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதற்கு இன்றைக்கும் எங்கள் பக்கம் 'மீன்பாசி குத்தகை' என்றுதான் பெயர்.

வண்டல் அள்ளுவது எப்போதும் ஆசையோடு நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். குடிமராமத்தை ஊரார் செய்யாமல் விட்டால் கட்டாயப்படுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே மறுபடியும் ஒரு திட்டம் தொடங்கியது.

சுத்தம் என்றால் என்ன?

இதுவரை படித்தவர்களுக்கு 'ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்' என்று தோன்றியிருக்கலாம். எனக்கும் தோன்றியது. இன்னும் கொஞ்சம் படித்ததும் அது போய்விட்டது.

முதலாவது, படி இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகளிலும் குளங்களிலும் நரம்புச் சிலந்திப் புழு பரவியது. நோய் கண்டவர் காலைத் தண்ணீரில் வைத்ததும் புண்ணிலிருந்து குஞ்சுகள் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் காலில் மறு வருடம் முழம் நீளப் புழு. தமிழ்நாடும் இந்த நோய் இருந்த மாநிலங்களில் ஒன்று. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் பதிவானார், 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததாகச் சான்றளித்தது. பார்க்கத் தெளிவாக இருந்த தண்ணீர்தான் இத்தனையும் செய்தது.

இரண்டாவது இன்னும் கசப்பானது. ஊருணியில் யார் இறங்கலாம் என்ற கட்டுப்பாடு மாட்டோடு நிற்கவில்லை. பெரும்பாலான ஊர்களில் தலித் மக்களுக்கு அந்தத் துறை மூடப்பட்டிருந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற 1924 வரை ஆனது. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதன் பிறகு அவ்வூர் உயர்சாதியினர் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படித் தெரியுமா? சாணம், கோமியம், பால், தயிர் எல்லாம் கலந்த 108 பானைத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றி!

தாவரவியல் படிக்கிற யாரிடமாவது இந்தப் பட்டியலைக் காட்டிப் பாருங்கள். பாசி வளர்ப்பதற்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. மனிதர்கள் கை நிறைய அள்ளிக் குடித்ததால் அந்தக் குளத்துக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. சுத்தம் என்று ஊற்றியதுதான் அழுக்கு. யாரால் அசுத்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதனால் அசுத்தம் என்பது கடைசிவரை தெரியவில்லை. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மயில்துத்தம் வந்த கதை

இனி சித்தப்பாவின் நீலக் கற்களுக்கு வருவோம்.

பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைக்காரர்கள், சாலையோரக் கொடிகளில் திருட்டு நடக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்களாம். நீலமாகக் கறை படிந்த பழத்தை யார் பறிப்பார்கள்? அந்தக் கொடிகளுக்கு மட்டும் இலைநோய் வராததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1882-இல் கவனித்தார். 1885-இல் செய்முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. வெள்ளோடு, சின்னாளபட்டி, அம்பாத்துரைப் பக்கம் திராட்சை வைத்திருப்பவர்கள் இன்றும் அடிப்பது அதையேதான்.

1904-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மேன் இருவரும் இதே மயில்துத்தம் குடிநீர்த் தேக்கங்களில் பாசியைக் கொல்லும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு போதும், பல வகைப் பாசிகளுக்கு அதைவிடக் குறைவே போதும். சாக்கில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது. உலகம் முழுக்க நீர்ப் பொறியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து குளோரின். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. 1911 வாக்கில் பிரவுன் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் முயன்று பார்த்தார்கள். அதுவரை நீச்சல் குளங்களும் மொகஞ்சதாரோ வழிதான்: காலி செய், நிரப்பு.

சென்னையில் 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது. 1914-இல் அங்கே மணல் வடிகட்டிகளோடு நீரேற்று நிலையம் அமைந்தது. மெதுவாக வடியும் அந்த மணலின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த வழுவழுப்பான ஒரு படலம் உருவாகும். கிருமிகளைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அந்தப் படலம்தான்! அளவு மீறித் தடித்தால் தண்ணீர் இறங்காது, மேல் மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும். அளவோடு இருந்தால் வேலைக்காரன், மீறினால் தொல்லை.

நம் கோயில் குளங்களை முறையாக ஆராய்ந்தவர் எஸ்.வி. கணபதி. 1940-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அவர் எழுதிய கட்டுரை, மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகவே படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றியது. கட்டுரையின் தலைப்பிலேயே 'நிரந்தரம்' என்ற சொல் இருக்கிறது. அதாவது குளம் பச்சையாக இருப்பது பிளாஸ்டிக் காலத்து நோய் இல்லை. 1940-லேயே நம் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறது.

பாம் தீவு, 1979

மயில்துத்தத்தைப் பற்றி எனக்குத் திக்கென்று ஆன இடம் இது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் பாம் தீவு என்று ஒரு தீவு. பழங்குடி மக்கள் வாழும் ஊர். சாலமன் அணை என்ற சிறிய தேக்கத்திலிருந்து குடிதண்ணீர். 1979-இல் அதில் பாசி மண்டி, தண்ணீர் நாறுகிறது என்று புகார். மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்று வலி, கல்லீரல் வீக்கம், சிறுநீரகக் கோளாறு. மொத்தம் 148 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 138 பேர் குழந்தைகள். மாங்காய் தின்றதால் வந்தது என்று முதலில் நினைத்தார்களாம்! பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாசி தன் உடம்புக்குள் நஞ்சு வைத்திருக்கும் நீலப்பச்சை வகை. மயில்துத்தம் அதைக் கொன்றதும் செல்கள் வெடித்து, உள்ளே இருந்த நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலந்துவிட்டது. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள்.

1996-இல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்த தண்ணீர் சிறுநீரக டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனதில் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஏரித் தண்ணீரில் மைக்ரோசிஸ்டிஸ் நஞ்சு வந்ததால் லட்சக்கணக்கானவர்களுக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கணபதி 1940-இல் எழுதினாரே, அதே இனம்.

தெளிந்த கிணறுகள்

'பச்சைதான் ஆபத்து, தெளிவாக இருந்தால் சரி' என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், எங்கள் ஊரே போதும்.

திண்டுக்கல் பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர் போன மாதிரி தோல் பதனிடுவதற்கும் பெயர் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் எங்கள் ஊர் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. உப்பும் கழிவும் மண்ணுக்குள் இறங்கி ஊற்றில் கலந்தவை.

ஊற்றில் கலந்த உப்புக்கு நிறம் கிடையாது. எட்டிப் பார்த்தால் தண்ணீர்தான் தெரியும், வாயில் வைத்தால்தான் தெரியும். பச்சைக் குளமாவது 'என்னைக் குடிக்காதே' என்று சொல்லிவிடுகிறது.

சித்தப்பாவின் குளம்

சரி, சொன்னபடி சித்தப்பாவின் குளத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலை நோட்டும் பேனாவுமாகப் போனேன். குளம் 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். ஒன்றரை லட்சம் லிட்டர். மூர், கெல்லர்மேன் கணக்குப்படி பார்த்தால் 150 கிராம் மயில்துத்தம். சித்தப்பா கையில் இருந்தது ஐந்து கிலோ, முப்பத்து மூன்று மடங்கு! அதில் கால் பங்கு செம்பு. லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் வரும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு எக்காரணம் கொண்டும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நீச்சல் பழகும் பிள்ளை தண்ணீர் குடிக்காமலா பழகும்? அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் போய்ச் சேருவது பக்கத்துக் குட்டை. அங்கே செம்மறி ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன. செம்மறிக்குச் செம்பு கொஞ்சம் கூடினாலும் ஆகாது. கணக்கைக் காட்டியதும் சித்தப்பா ஒன்றும் பேசாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

குளத்தை மூடினோம். சுவரையும் தரையையும் பிரஷ் போட்டுத் தேய்த்தோம், ஏனென்றால் ஒட்டியிருக்கும் பாசிக்குள் மருந்து இறங்காது. ஐந்து கிலோ பிளீச்சிங் பவுடரைப் பக்கெட் பக்கெட்டாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் சாயங்காலம் ஊற்றினோம். பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் என்றால் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் வரும். பகலில் ஊற்றினால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். மோட்டார் இரவு பகலாக ஓடியது. ஃபில்டர் மணலைத் திருப்பிக் கழுவினோம். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் பச்சை போய்ச் சாம்பல் நிறம். நாலாம் நாள் அடியில் இருந்த வடிகால் மூடியின் கம்பிகளை எண்ண முடிந்தது. குளோரின் அளவு 3-க்குக் கீழே இறங்கும்வரை இன்னும் இரண்டு நாள் காத்திருந்தோம்.

ஆனால் இதெல்லாம் பாசியை விலக்கியதுதான். திரும்ப வராமல் இருக்க வேண்டுமே? ஏன் வந்தது என்று சுற்றிப் பார்த்தோம். குளத்தின் மேட்டுப்புறம் சித்தப்பா ஆசையாகப் புல்தரை போட்டிருந்தார். மழைக்கு இரண்டு நாள் முன்னால்தான் அதற்கு டிஏபி போட்டிருக்கிறார். நைட்ரஜன் 18, பாஸ்பேட் 46. மழை அதைக் கரைத்து நேராகக் குளத்துக்குள் விட்டிருக்கிறது. பாசிக்கு விருந்து வைத்தது நாங்கள்தான்! இப்போது புல்தரைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டியாயிற்று. தலையில் எண்ணெயோடு வரும் பிள்ளைகள் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மோட்டார் எட்டு மணி நேரம். கரண்ட் பில் ஏறியிருக்கிறது, அது தனிக் கவலை.

எல்லா வசதியும் இருப்பவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே இரவில் பச்சையானது. யாரோ ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்ற, அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பக்கத்துக் குளத்தில் கடைசியில் என்ன செய்தார்கள்? லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு தண்ணீர் நிரப்பினார்கள். மொகஞ்சதாரோ வைத்தியம்!

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் ஒன்பதாவது படித்தபோது பக்கத்து செக்ஷன் பையன் ஒருவன் லீவு நாளில் ஒரு பழைய கிணற்றில் குதித்தான். ஒரு காலத்தில் தினமும் மோட்டார் ஓடிய கிணறு. ஊரெல்லாம் போர் போட்ட பிறகு கைவிட்டது. மேலே கம்பளம் விரித்த மாதிரிப் பாசி. தீயணைப்புக்காரர்கள் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்கள். தண்ணீருக்குள் கை நீளத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்று மேலே வந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆனது. அடி தெரியாத குளத்தில் யாரையும் இறக்கக் கூடாது என்பது எனக்கு எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்ட விதி இல்லை.

மாநகராட்சிக் குழாயில் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வருவதால், ஊருக்குள் இருக்கும் கோட்டைக்குளமும் கோபாலசமுத்திரமும் யாருக்கும் குடிக்கத் தேவைப்படுவதில்லை. தேவையில்லாததை யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குளத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடப் போவதில்லை. கரையைச் சுற்றி நடந்து, உள்ளே வந்து சேரும் வாய்க்கால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பரணர், மகாட், பாம் தீவு எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதத்தான அன்னிக்கே சொன்னேன்" என்றார்.